மூடியில் வைத்த கை

அந்த மனிதருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் ஊர்காவற்றுறையில் நாலு பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். தெரிந்த நாலு பேரும் என் மனைவி சொன்ன கதையைத்தான் திரும்பச் சொல்வார்கள். அந்தக் கதை பிழை. அது பிழையென்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர், மற்றவன் நான்.

இறங்குதுறைக்குக் கொஞ்சம் தள்ளி, கடலுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு தகரக் கொட்டில். அதுதான் அவருடைய கராச். அனலைதீவில் பிறந்தவர். இருபது வருடம் படகு இயந்திரங்களோடு மாரடித்துவிட்டுப் பிறகு ஆட்டோ, வான், கார் என்று கரைக்கு வந்தவர். என்னைவிட மூன்று நாலு வயது கூட இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு நிற்பார். கராச்காரருடைய கை மாதிரி இராது அவருடைய கை. ஒவ்வொரு வேலை முடிந்ததும் சவர்க்காரத்தூளும் தேசிக்காய்க் கோதும் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவுவார். ஊத்தைக் கையால் தொட்டால் எந்த ஊத்தை எங்கேயிருந்து வந்ததென்று தெரியாது என்பது அவருடைய நியாயம்.

அவருக்கு ஒரு குணம் இருந்தது. திறந்து பார்க்காத எதையும் நம்பமாட்டார். கடையில் முத்திரையோடு வாங்கிய ஒயில் கானைத் திறந்து, ஒரு சொட்டைக் கடதாசியில் விட்டு, அது பரவுகிற விதத்தைப் பார்த்த பிறகுதான் ஊற்றுவார். புது பற்றரிக்கும் அதே மரியாதைதான். ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது நேரே அடுக்களைப் பக்கம் போய்க் கிடாரத்து மூடியைத் தூக்கிப் பார்த்தாராம். சோறு இன்னும் வேகவில்லை என்று கண்டு, வந்து கதிரையில் இருந்துவிட்டார். பந்திக்கு ஓடின மற்றவர்கள் எல்லாரும் அரை மணித்தியாலம் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

சுவிசிலிருந்து வந்த ஒருவர் வாடகை வானோடு அவரிடம் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாள்தான் வேறொரு கராச்சில் எல்லாம் மாற்றி எடுத்ததாகச் சொன்னார் வந்தவர், சில்லுக்குக் காற்று மட்டும் பார்த்தால் போதுமாம். இவர் காற்றைப் பார்த்துவிட்டு வானுக்குக் கீழே படுத்தார். ஒயில் பில்டரைக் கழற்றிக்கொண்டு எழும்பினார். புதுசு மாதிரிப் பளபளத்தது. நகத்தால் சுரண்டிக் காட்டினார். பழைய பில்டருக்கு வர்ணம் பூசியிருந்தது. வந்தவர் அந்தக் கராச்காரனைக் கண்டபடி ஏசினார். இவர் ஏசவில்லை. ஏசுகிற நேரத்தில் திறந்து பார்த்திருக்கலாமே என்கிற மாதிரி நின்றார்.

நான் பலநோக்குச் சங்கத்தில் எழுதுவினைஞன். என் பிழைப்பே கடதாசிதான். முத்திரை குத்தி ஒப்பம் வைத்திருந்தால் எனக்கு அது உண்மை. இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரு காருக்கு இரண்டு பக்கமும் நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

காரை நான் ஆசைக்கு வாங்கவில்லை. என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். கரம்பொன்னில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் கொண்டுபோய்க் கொண்டுவருவேன். போகும்போது பரவாயில்லை. திரும்பும்போது அவளுக்குத் தலை நிற்காது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் தோளில் இடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி வருவாள். ஒரு நாள் வீட்டு வாசலில் இறங்கியவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அடுத்த மாதம் குருநாகல் பக்கத்து ஒருவரிடம் பதினைந்து வருடம் ஓடிய சின்ன யப்பான் காரொன்றை வாங்கிவிட்டேன். அதோடு ஒரு சேர்விஸ் புத்தகமும் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. காரைவிட அந்தப் புத்தகம்தான் எனக்குப் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்வேன்.

காரைக் கொண்டுபோய் அவருடைய கொட்டில் வாசலில் விட்டேன்.

“எல்லாம் ஒழுங்காச் செய்த கார் அண்ணை. புத்தகம் இருக்கு,” என்றேன்.

அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகத் தட்டினார். பிறகு வாங்குப் பலகையில் வைத்தார்.

“நல்ல புத்தகம்,” என்றார். “ஒயில் எப்ப மாத்தினது?”

“போன மாசம்தானாம்.”

“ஆர் சொன்னது?”

“வித்த ஆள்.”

“அவர் திறந்து பாத்தவரோ?”

“அவர் கராச்சில குடுத்துச் செய்விச்சவர்.”

“அப்ப அவருக்கும் ஆரோ சொன்னது,” என்றார்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அதைப் பின்னொரு நாள், பிளக்கைத் துடைத்துக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னார். படகில் வேலை செய்த காலத்தில் டீசல் தாங்கி நிறைய இருக்கிறதென்று ஒருவன் சொல்ல, பார்க்காமல் பதினொரு பேரோடு புறப்பட்டாராம். நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டது. கச்சான் காற்று வேறு. அடுத்த நாள் காலையில்தான் வேறொரு படகு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பதினொரு பேரில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி. “சொன்னவன் பொய் சொல்லேல்லை,” என்றார். “அவனுக்கு முந்தி ஒருத்தன் சொன்னவன். எல்லாரும் நல்ல ஆக்கள்தான். ஆனா ஒருத்தரும் பாக்கேல்லை.” அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனதென்று கேட்டேன். பிளக்கைப் பூட்டத் தொடங்கிவிட்டார்.

ஒரு நாளில் முடிகிற வேலை என்று நினைத்துக் காரை விட்டேன், அவர் ஐந்து நாள் எடுத்தார். கழற்றிய ஒவ்வொன்றையும் ஒரு சாக்கில் வரிசையாக அடுக்கி வைத்தார். காற்று வடிகட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. பிரேக் எண்ணெய் கோப்பி நிறத்தில் இருந்தது. ஒரு ரயர் என் காரைவிட வயது கூடினது, யாரோ வேறெங்கோ இருந்து பொறுக்கிப் போட்டது. போன மாதம் மாற்றியதாகச் சொன்ன ஒயில் தார் மாதிரி ஊற்றுப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“பாரும்.”

“எனக்கு உதுகள் விளங்காது அண்ணை.”

“விளங்கத் தேவையில்லை. பாத்தாப் போதும்.”

வியாழன் பின்னேரம் போனபோது முன் சில்லு இரண்டும் கழற்றிக் கிடந்தன. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நாளைக்கு வெள்ளி. கார் வாங்கியும் அவளை ஆட்டோவில் ஏற்றினால் நான் என்ன மனிதன்?

“அண்ணை, நாளைக்கு அவவைக் கொண்டுபோக வேணும். பூட்டித் தாங்கோ. மிச்சத்தைப் பேந்து பாப்பம்.”

“ஏலாது.”

“என்ர கார், அண்ணை.”

“ஓம், உம்மடதான். ஆனா உதுக்குள்ள இருக்கப்போறது அவ,” என்று சொல்லிவிட்டுக் காரின் திறப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் பூட்டினார். நான் அவரை வாயில் வந்தபடி ஏசினேன். உமக்கு வீடு வாசல் இருக்கோ, நோயாளியோடு இருந்து பார்த்ததுண்டோ என்றெல்லாம் கேட்டேன். அவர் சாக்கில் இருந்த ஒரு நட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் ஆட்டோவில்தான் போனோம். திங்கட்கிழமை கார் வந்தது. அதில் ஏறி முதல் முதல் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்த அன்று, வேலணையைத் தாண்டும்போது என் மனைவி நித்திரையாகிவிட்டாள். ஒரு குலுக்கல் இல்லை. நான் மெல்ல மெல்ல ஓட்டினேன். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு ஒரு நன்றி சொல்லவேண்டுமென்று நினைத்தேன். சொல்லவில்லை, ஏசியது நினைவுக்கு வந்துவிட்டது.

காரைத் தரும்போது பச்சை நிறத் திரவம் கொண்ட ஒரு கானையும் தந்திருந்தார். “பழைய கார். றேடியேற்றர் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கும். கிழமைக்கு ஒருக்காத் திறந்து பாத்து இதை ஊத்தும். இது முடிஞ்சா என்னட்ட வாரும். கிணத்துத் தண்ணி மட்டும் வேண்டாம்.”

எங்கள் தீவில் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தண்ணீர். கிணற்றில் இருப்பது உப்புக் கலந்த சவர்த் தண்ணீர். குளிக்க, கழுவ, மரத்துக்கு ஊற்ற அதுதான். குடிக்கிற நல்ல தண்ணீர் பவுசர் வண்டியில் வரும். அதைத் தாங்கியில் நிரப்பி, மூடி வைத்து, செம்பால் அளந்து எடுப்போம். இங்கே பிறந்த ஒருவன் நல்ல தண்ணீரை வாய்க்கும் உலைக்கும் தவிர வேறெதற்கும் எடுக்கமாட்டான். யாரும் சொல்லித் தருவதில்லை, கை தானாகவே வாளிக்குத்தான் போகும். நான் பிறகு செய்த பிழையை ஒரு வெளியூர்க்காரன் செய்திருக்கமாட்டான்.

இரண்டாவது மாதத்தில் கான் முடிந்தது. அவரிடம் போயிருக்கலாம். கராச்சுக்குப் போனால் அவர் பத்து மூடியைத் திறப்பார், அரை நாள் போய்விடும் என்று தள்ளிப்போட்டேன். அப்போது சோளகக் காற்று வீசுகிற வறண்ட காலம். பவுசர் சொன்ன நாளுக்கு வரவில்லை. என் மனைவிக்கு ஒரு நாளைக்கு மூன்று தம்ளர் தண்ணீர்தான் டாக்குத்தர் விட்டிருந்தார். மூன்றாவது தம்ளரை அவள் பின்னேரம் வரை கையிலேயே வைத்திருப்பாள், குடித்தால் முடிந்துவிடுமென்று. அவளுக்கு முன்னால் தாங்கியில் செம்பை விட்டு நல்ல தண்ணீர் எடுத்துக் காருக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. கிணற்றடிக்குப் போய் வாளியில் அள்ளினேன். தண்ணீர்தானே என்று நினைத்தேன். கார் ஓடியது. அடுத்த கிழமையும் ஊற்றினேன். பிறகு அது பூமரத்துக்கு ஊற்றுகிற மாதிரிப் பழகிவிட்டது.

நாலாவது மாதம் அவர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். ஒருக்கால் பார்க்கவேண்டிய தவணை வந்துவிட்டதாம். வேலைக்குப் போகிற வழியில் காரை அவருடைய வாசலில் நிறுத்தினேன். ஒயிலைப் பார்த்தார். பிரேக்கைப் பார்த்தார். பெல்ட்டை விரலால் அழுத்தினார். பிறகு றேடியேற்றர் மூடியில் கையை வைத்தார். உடனே எடுத்தார், இயந்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. மேலே துணியைப் போட்டுத் திரும்பவும் கையை வைத்தார்.

“உதுக்கு என்ன ஊத்தினீர்?”

ஒரு கணம்தான். உண்மையைச் சொன்னால் காரை விட்டுவிட்டுப் போகச் சொல்லுவார். ஐந்து நாளாகும். திறப்பைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டுவார். செவ்வாய்க்கிழமை திரும்பவும் ஆட்டோ.

“நீங்கள் தந்ததுதான் அண்ணை.”

“முடிஞ்சிருக்குமே.”

“யாழ்ப்பாணத்தில அதே சாமான் வாங்கினனான்.”

சுடச்சுடத் திறக்க ஏலாது. ஆறுவதற்கு அரை மணித்தியாலம் வேண்டும். எனக்கு வேலைக்கு நேரம் போகிறதென்று நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், அவர் காணும்படியாகப் பார்த்தேன். அவர் கை மூடியிலேயே இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். நான் எத்தனையோ பேரை அவர் அப்படிப் பார்த்ததைக் கண்டிருக்கிறேன். எல்லாரிடமும் அதற்குப் பிறகு, திறந்து பாத்ததோ என்ற ஒரே கேள்விதான் கேட்பார். என்னிடம் கேட்கவில்லை.

“சரி. நீர் சொன்னாச் சரி,” என்று கையை எடுத்துவிட்டார்.

அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கம் கெட்ட சந்தோஷம். ஊரில் ஒருத்தரையும் நம்பாத மனிதர் என்னை நம்பிவிட்டார். சங்கக் கந்தோரில் இரண்டு பேருக்கு அதைச் சொல்லியும் விட்டேன்.

அடுத்த செவ்வாய் மனைவிக்குக் காய்ச்சல். எவ்வளவு சொல்லியும் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் கால் இரண்டும் வீங்கியிருந்தன. வாயைத் திறந்து மூச்சு விட்டாள். காரில் ஏற்றிக்கொண்டு விரைந்தேன். வழக்கமாக மெல்ல ஓட்டுகிறவன் அன்று மிதித்தேன். என் கண் ரோட்டிலும் அவள் முகத்திலும்தான். வெப்பமானி முள் மேலே போனதை நான் காணவில்லை. அல்லைப்பிட்டி தாண்டி, பண்ணை வீதியில் பாதித் தூரத்தில் பொனற்றுக்குள்ளிருந்து புகை கிளம்பியது. கார் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கடல். ஒரு மரம் இல்லை.

அவருக்குத்தான் ரெலிபோன் எடுத்தேன். “திறக்காதேயும்,” என்றார். “கதவுகளைத் திறந்து அவவுக்குக் காத்து விடும். மண்டைதீவுச் சந்தியில நிக்கிறன், வாறன்.” அதற்குள் ஒரு பஸ் வந்து நின்றது. படியிலும் ஆட்கள். கொண்டக்டர் இறங்கிக் கை கொடுத்தான். அவளால் ஒரு படி ஏற முடியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் சீற்றில் இருந்துவிட்டாள். “மூச்சு எடுக்க ஏலாமக் கிடக்குதப்பா,” என்றாள். நான் அவள் முதுகைத் தடவினேன். கையை என்ன செய்வதென்று தெரியாமல்தான் தடவினேன்.

ஒரு வானில் வந்து இறங்கினார். வான்காரனிடம் பின் சீற்றைப் படுக்கிற மாதிரி விரிக்கச் சொன்னார். அவன் விரிக்கிற அந்த ஒரு நிமிடத்துக்குள் பொனற்றைத் தூக்கினார். றேடியேற்றரைத் தொடவில்லை, பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் போத்தலைத்தான் திறந்தார். உள்ளே மண்ணிறத் தண்ணீர். வாய் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. சின்ன விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

அப்போது என் மனைவி காருக்குள் இருந்து கேட்டாள். சொல் சொல்லாக, நடுவில் மூச்சு எடுத்து எடுத்துக் கேட்டாள். “அண்ணை, எல்லாம் பாத்துத் தந்தனீங்கள் எண்டு இவர் சொன்னவர். அப்ப இதென்ன?”

வாய் திறக்கவேண்டியவன் நான். என் வாய் திறக்கவில்லை.

“நான்தான் தங்கச்சி,” என்றார். “போன கிழமை பாக்க வேண்டியதைப் பாக்காம விட்டிட்டன். என்ர பிழை.” பிறகு அவளைத் தாங்கி வானில் ஏற்றிவிட்டு என்னிடம் சொன்னார், “நீர் அவவோட போம். காரை நான் கொண்டு வாறன்.”

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது, இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் சொல்ல ஏலாது என்றார் டாக்குத்தர். நாலு நாள் மறித்து வைத்தார்கள். பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அவள் சொன்னாள். “ஊரில உள்ள மூடியெல்லாம் திறந்து பாக்கிற மனுசன், எங்கட காரை மட்டும் பாக்காம விட்டிட்டுது.” நான் கட்டில் காலடியில் நின்று போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அந்தச் சொல் கரம்பொன்னுக்குப் போனது, வேலணைக்குப் போனது. அவர் விட்டுவிட்டார் என்று யாரும் கோபப்படவில்லை. அவரும் மற்றவர்களைப் போலத்தானே என்றார்கள். அது போதுமாயிருந்தது. ஆட்கள் ஐந்து நாள் காத்திருந்தது, அவர் எதையும் பார்க்காமல் விடமாட்டார் என்பதற்காகத்தான். ஒரு நாளில் முடித்துத் தருகிற கராச்சுகளுக்கு ஆட்டோக்காரர் போனார்கள், பிறகு வான்காரர். கொட்டில் வாசலில் ஒரு வாகனமும் இல்லாத கிழமைகள் வந்தன. ஒருவரிடமும் அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்கு றேடியேற்றரை மாற்றித் தந்தபோதுகூட, கழற்றிய பழையதை வழக்கம்போலச் சாக்கில் வைத்திருந்தார், பாரும் என்று மட்டும் சொல்லவில்லை.

திரும்ப அனலைதீவுக்கே போகிறார், படகு இயந்திரம் பார்க்க, என்று கேள்விப்பட்டு ஒரு திங்கட்கிழமை போனேன். வேலை ஆயுதங்களை எண்ணெய் பூசித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் நின்றேன்.

“அண்ணை, நான் மனுசியிட்டச் சொல்லப்போறன். ஊருக்கும் சொல்லுறன். நீங்கள் போகத் தேவையில்லை.”

“ஊருக்குச் சொன்னா அவவுக்குத் தெரியவரும்.”

“தெரியட்டும் அண்ணை. நான் செய்த வேலைதானே.”

அவர் கையிலிருந்த ஸ்பானரைச் சுற்றி முடித்துப் பெட்டியில் வைத்தார். அவருக்கு என்மேல் கோபம் இருந்தது. குரலில் அது நன்றாகத் தெரிந்தது.

“என்னை நம்பாட்டில் அவ வேற ஆளிட்டக் காரைக் காட்டச் சொல்லுவா. அவ்வளவுதான். உம்மை நம்பாட்டில், நாளைக்கு அவ ஆரின்ர காரில ஏறுறது?”

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. அவள் வந்து ஏறினாள், பையை மடியில் வைத்தாள், கதவைச் சாத்தினாள். வேலணையைத் தாண்டுவதற்குள் நித்திரையாகிவிட்டாள். நான் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை.